பச்சையாகிப் போன ஏரித் தண்ணீர்

(விவசாயிகளுக்காக வானொலியில் பேசியது)



போன சித்திரையில் ஒரு அம்மா எங்கள் ஆபீசுக்கு வந்தார்கள். கையில் ஒரு பாட்டில். உள்ளே இருந்தது தண்ணீர் என்று சொன்னால்தான் தெரியும். பார்வைக்கு, கதவுக்கு அடிக்கிற பச்சைப் பெயிண்டு மாதிரி இருந்தது. "எங்க ஊர் ஏரி சார். பத்து நாளா இப்படித்தான் கிடக்குது. ரெண்டு கறவை வச்சிருக்கேன். குடிக்க விடலாமா, கூடாதா?" என்று கேட்டார்கள்.

"இப்போதைக்கு விடவேண்டாம் அம்மா" என்று சொல்லி அனுப்பினேன். அவர்கள் போன பிறகும் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. ஏனென்றால் ஏறக்குறைய நூற்றைம்பது வருஷமாக உலகத்தில் பல இடங்களில் விவசாயிகள் இதே கேள்வியைக் கேட்டு வந்திருக்கிறார்கள். சில இடங்களில் கேட்பதற்கு முன்பே மாடு செத்துப்போயிருக்கிறது. அந்தக் கதையைத்தான் இன்றைக்குச் சொல்லப்போகிறேன். நம் பேச்சில் பச்சைத் தண்ணீர் என்றால் காய்ச்சாத தண்ணீர். நான் சொல்லுவது நிஜமாகவே பச்சையாகிப்போன தண்ணீரை. அதைக் காய்ச்சினாலும் சரியாகாது என்பதைப் பிறகு சொல்லுகிறேன்.

முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன். மறைத்துப் பயனில்லை.

நான் வேலையில் சேர்ந்த புதிது. இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. ஒரு கிராமத்தில் ஊருக்குப் பின்னால் ஆடு மாடு தண்ணீர் குடிக்கும் குட்டை ஒன்று. பங்குனி வெயிலில் தண்ணீர் வற்றிப் பாதியாகி, மேலே பச்சை ஏடு படிந்துவிட்டது. ஊர்க்காரர்கள் என்னிடம் வந்தார்கள். நான் பி.எஸ்ஸி. படித்தவன் அல்லவா? புத்தகத்தில் பாசிக்கு மயில்துத்தம் என்று படித்திருந்தேன். மயில்துத்தத்தைச் சாக்கில் கட்டித் தண்ணீரில் இழுக்கச் சொன்னேன். இழுத்தார்கள். இரண்டாம் நாள் பச்சை போய்விட்டது. "சார் வந்தார், குட்டை தெளிஞ்சுபோச்சு" என்று டீக்கடையில் பேச்சு. நானும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். இனிமேல் மாடு கன்று குடிக்கலாம் என்றும் சொல்லிவிட்டேன்.

மூன்றாம் நாள் மீனெல்லாம் வயிற்றை மேலே காட்டிக்கொண்டு மிதந்தது. அந்த வாரத்திலேயே ஊரில் இரண்டு ஆடு செத்தது. குட்டைத் தண்ணீரால்தான் செத்தது என்று யாரும் நிரூபிக்கவில்லை. அதனால் இல்லை என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. அதே ஊரில் ஆடு மேய்க்கும் பெரியவர் ஒருவர் இருந்தார். அவர் ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. விசாரித்தேன். "பச்சை கட்டினா நான் அங்கே ஓட்டமாட்டேன் சார். ஓட்டியே ஆகணும்னா காத்து எந்தப் பக்கத்திலிருந்து வருதோ அந்தக் கரையில இறக்குவேன். பச்சையெல்லாம் எதிர்க்கரைக்குப் போய் ஒதுங்கிடும் இல்ல?" என்றார். நான் காலேஜில் படிக்காத பாடம் அது.

பல வருஷம் கழித்து ஒரு பழைய ஆராய்ச்சிக் குறிப்பைப் பற்றிப் படித்தபோது, அந்தப் பெரியவர் நினைவு வந்து நிமிர்ந்து உட்கார்ந்தேன். 1878-ஆம் வருஷத்துக் குறிப்பு அது. ஆஸ்திரேலியாவின் தெற்கே முர்ரே என்கிற பெரிய ஆறு கடலில் சேருமிடத்தில் அலெக்சாண்டிரினா என்று ஒரு ஏரி. அந்த வருஷம் ஆற்றில் நீர்வரத்துக் குறைவு, தண்ணீரும் வழக்கத்துக்கு மேல் சூடு. ஏரியில் பச்சை ஏடு கட்டியது. காற்று அதை ஒரு கரைக்குத் தள்ளிக்கொண்டு போக, அங்கே இரண்டு அங்குலம் முதல் ஆறு அங்குலம் கனத்துக்குக் கூழ் மாதிரி திரண்டு நின்றது. அதைக் குடித்த ஆடு, குதிரை, நாய், பன்றி எல்லாம் செத்தன. ஆடுகள் சில மணி நேரத்திலேயே விழுந்தன. அடிலெய்டு நகரத்தில் ரசாயன நிபுணராக இருந்த ஜார்ஜ் பிரான்சிஸ் என்பவர் இதைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்கவில்லை. அந்த ஏட்டை எடுத்து ஓர் ஆட்டுக்குப் புகட்டிப் பார்த்தார். அது பதினைந்து மணி நேரத்தில் செத்தது. விஷயத்தை எழுதி, இங்கிலாந்தில் வெளிவரும் 'நேச்சர்' என்ற அறிவியல் பத்திரிகைக்கு அனுப்பினார். பச்சைத் தண்ணீர் கால்நடையைக் கொல்லும் என்று உலகத்தில் எழுத்தில் வந்த முதல் விவரமான குறிப்பு அதுதான் என்கிறார்கள்.

அந்தப் பச்சை என்னவென்றால், நீலப்பச்சைப் பாசி. உடனே உங்களில் சிலர் கேட்பீர்கள்: "என்ன சார், நீலப்பச்சைப் பாசியை வயலில் போடு என்று உங்கள் இலாகாதானே பாக்கெட்டில் கொடுத்தது?" நியாயமான கேள்வி. கொடுத்தோம். நெல் வயலில் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடித்துக் கொடுக்கிற பாசி அது. அந்தக் குணத்தை நம் நாட்டு நெல் வயல்களை ஆராய்ந்து பி.கே. டே என்ற விஞ்ஞானி 1939-லேயே எழுதியிருக்கிறார். அது ஒரு பெரிய குலம். ஒரே குலத்தில் பத்துப் பேர் நல்லவராகவும் நாலு பேர் பொல்லாதவராகவும் இருப்பதில்லையா? வயலில் உழைக்கிற வகை வேறு, ஏரியில் ஏடு கட்டி விஷம் வைக்கிற வகைகள் வேறு. பொல்லாத வகைகளில் சில ஈரலைத் தாக்கும், சில நரம்பைத் தாக்கும். கண்ணால் பார்த்து இதில் விஷம் உண்டு, அதில் இல்லை என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகையால் ஏடு கட்டினால் விஷம் என்றே வைத்துக்கொள்ள வேண்டும்.

விஷம் பாசியின் உடம்புக்குள் இருக்கிறது. உயிரோடு இருக்கும்வரை பெரும்பாலும் உள்ளேயே அடங்கியிருக்கும். மருந்தடித்து ஒரே நாளில் கொன்றால் உடம்பு வெடித்து, விஷம் முழுக்கத் தண்ணீரில் கலந்துவிடும். மேலே பார்த்தால் தண்ணீர் தெளிவு. தெளிந்துவிட்டதே என்று மாடும் குடிக்கும், மனிதனும் குடிப்பான். செத்த பாசி அழுகும்போது தண்ணீரிலுள்ள பிராணவாயுவையும் தின்றுவிடும், மீன் திணறிச் சாகும். நான் அந்தக் குட்டையில் செய்தது இதைத்தான்.

என்னைவிடப் பெரிய ஆட்கள் இதைவிடப் பெரிய அளவில் இதே தப்பைச் செய்திருக்கிறார்கள். அதே ஆஸ்திரேலியாவின் வடகிழக்கே பாம் தீவு என்று ஒன்று. அந்த நாட்டின் பழங்குடி மக்கள் வாழும் தீவு. 1979-இல் அங்கே குடிதண்ணீர் அணையில் பாசி கட்டி, தண்ணீர் வாடையடிக்கிறது என்று ஜனங்கள் புகார் சொன்னார்கள். பொறுப்பில் இருந்தவர்கள் மயில்துத்தம் போட்டார்கள். சில நாளில் வாந்தியும் வயிற்று வலியும் ஈரல் வீக்கமுமாக 148 பேர் படுத்துவிட்டார்கள். பெரும்பாலும் குழந்தைகள். முதலில் என்ன நோய் என்றே யாருக்கும் புரியவில்லை. 'பாம் தீவு மர்ம நோய்' என்று பெயர் வைத்தார்கள். அணையில் இருந்த பாசி வகையை எடுத்துச் சோதித்து, அதற்கு ஈரலைக் கெடுக்கிற விஷம் உண்டு என்று கண்டுபிடிக்கச் சில வருஷம் ஆயிற்று.

சரி, மருந்து கூடாது. அப்படியானால் இந்தப் பாசி எதைத் தின்று இப்படிக் கொழுக்கிறது? அதைத் தெரிந்துகொண்டால் அல்லவா சோற்றை நிறுத்தலாம்?

1960-களில் இதைப் பற்றி விஞ்ஞானிகளுக்குள்ளேயே பெரிய சண்டை. கரிச்சத்து என்றார் ஒருவர், தழைச்சத்து என்றார் இன்னொருவர், மணிச்சத்து என்றார் மூன்றாமவர். சோப்புத்தூள் கம்பெனிக்காரர்களுக்கு மணிச்சத்தின் பெயர் அடிபடுவது பிடிக்கவில்லை. ஏனென்றால் சோப்புத்தூளில் பாஸ்பேட் உண்டு. கனடாவில் டேவிட் ஷிண்ட்லர் என்பவரும் அவர் தோழர்களும் நாம் வயலில் பாத்தி கட்டிப் பார்ப்பது மாதிரியே ஒரு காரியம் செய்தார்கள். 1973-இல், காட்டுக்குள் இருந்த ஒரு சின்ன ஏரியை எடுத்துக்கொண்டு, நடு இடுப்பில் பிளாஸ்டிக் திரை போட்டு இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பாதியில் கரிச்சத்தும் தழைச்சத்தும். மறு பாதியில் அவை இரண்டோடு மணிச்சத்தும். வேறு வித்தியாசம் கிடையாது. மணிச்சத்து போட்ட பாதி பச்சையாகிவிட்டது. மற்ற பாதி தெளிந்தே இருந்தது. விமானத்தில் பறந்து படம் எடுத்தார்கள். ஒரே ஏரி, திரைக்கு இந்தப்புறம் கறுத்த நீர், அந்தப்புறம் பச்சை. அந்த ஒரு படம் நூறு கட்டுரை செய்யாத வேலையைச் செய்தது.

மணிச்சத்து என்றவுடன் உங்களுக்குத் தெரியும். சூப்பர் பாஸ்பேட், டி.ஏ.பி. சாணத்திலும் இருக்கிறது, சாக்கடையிலும் இருக்கிறது. 50 கிலோ டி.ஏ.பி. மூட்டையில் சுத்தமான பாஸ்பரஸ் கணக்குப் பார்த்தால் சுமார் 10 கிலோ. ஏரிக்குள் போய்ச் சேரும் ஒரு கிலோ பாஸ்பரஸ் 300 முதல் 500 கிலோ ஈரப்பாசியை வளர்க்கும் என்று ஒரு கணக்கு உண்டு. மூட்டையில் பத்தில் ஒரு பங்கு மழையில் ஓடினாலே போதும், ஏரியில் நூற்றுக்கணக்கான கிலோ பாசி. காசு கொடுத்து வாங்கிய உரம் நம் பயிருக்குப் போகாமல் பாசிக்குப் போகிறது என்றால் அது இரட்டை நஷ்டம்.

இப்போது அமெரிக்காவுக்கு வருவோம். அங்கே விவசாயிகளுக்கும் ஏரிக்கும் நடந்த வழக்கைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். அமெரிக்காவுக்கும் கனடாவுக்கும் நடுவே ஈரீ என்று ஒரு ஏரி. பெயரிலேயே ஏரி இருக்கிறது பாருங்கள்! பிரியாத பழைய தஞ்சாவூர் ஜில்லாவைப்போல இரண்டு பங்குக்கு மேல் பெரிது. ஆனால் அதன் மேற்குக் கோடி ஆழமில்லாதது. சராசரி ஏழெட்டு மீட்டர்தான். 1960-களில் அது பச்சைக் குழம்பாகிவிட்டது. ஏரி செத்துவிட்டது என்றே பத்திரிகைகள் எழுதின. ஊர்ச் சாக்கடையும் சோப்புத்தூளும்தான் அப்போது பெரிய குற்றவாளிகள். 1972-இல் இரண்டு நாட்டு அரசாங்கமும் ஒப்பந்தம் போட்டன. சாக்கடையைச் சுத்தம் செய்தன, சோப்பில் பாஸ்பேட்டைக் குறைத்தன. வருஷத்துக்கு 20 ஆயிரம் டன்னுக்கு மேல் போய்க்கொண்டிருந்த பாஸ்பரஸை 11 ஆயிரம் டன்னாக்க வேண்டும் என்று குறி வைத்து, 1980-களில் அதை எட்டியும் விட்டார்கள். ஏரி தெளிந்தது. மீன் திரும்பியது. செத்தது பிழைத்தது என்று எல்லாரும் கொண்டாடினார்கள்.

கதை அங்கே முடிந்திருந்தால் நான் இதைச் சொல்ல வந்திருக்கமாட்டேன். 1990-களின் நடுவில் பச்சை திரும்ப வந்தது. சாக்கடை கட்டுக்குள்தான் இருக்கிறது, சோப்பும் மாறிவிட்டது, பிறகு எங்கிருந்து?

பதில் ஒரு நோட்டுப் புத்தகத்தில் இருந்தது. ஓஹையோ மாநிலத்தில் ஒரு சின்ன ஊர்க் கல்லூரி, ஹைடல்பெர்க் என்று பெயர். அங்கே டேவிட் பேக்கர் என்ற பேராசிரியர் 1969-இல் ஒரு வேலையைத் தொடங்கினார். ஏரிக்குப் போகும் ஆறுகளில் தண்ணீர் எடுத்துச் சோதித்து எழுதிவைப்பது. இன்றைக்கு எடு, நாளைக்கு எடு, வெள்ளத்தில் எடு, வறட்சியில் எடு. பார்க்கிறவர்களுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் இருந்திருக்கும். ஆனால் பல வருஷக் கணக்கைச் சேர்த்துப் பார்த்தபோது விஷயம் வெளுத்துவிட்டது. மண்ணோடு ஒட்டிக்கொண்டு வரும் மணிச்சத்துக் குறைந்திருந்தது. தண்ணீரில் கரைந்தே வரும் மணிச்சத்து மட்டும் 1990-களிலிருந்து ஏறிக்கொண்டே போயிருந்தது. பாசிக்குக் கரைந்த சத்துத்தான் வாய்க்கு எளிது. வந்தது பெரும்பாலும் வயல்களிலிருந்து.

இதிலே விவசாயிகளைக் குற்றம் சொல்லுவது சுலபம். நடந்ததைப் பாருங்கள். மண் அரிக்காமல் இருக்க உழாமல் விதையுங்கள் என்று எங்கள் மாதிரி ஆட்கள்தான் அவர்களுக்குச் சொன்னார்கள். நல்ல யோசனை, மண்ணும் காப்பாற்றப்பட்டது. ஆனால் உழாத நிலத்தில் மேலாக வீசிய உரம் மேலேயே தங்கியது. அறுவடை முடிந்து, அடுத்த பயிருக்கு மாசக் கணக்கில் முன்னாலேயே வீசி வைக்கிற பழக்கமும் இருந்தது. பலத்த மழை வந்தால் கரைந்து ஓடும். பூமிக்கு அடியில் பதித்த வடிகால் குழாய் வழியாகவும் போய்ச் சேரும். ஒரு பக்கம் ஒட்டைப் போட்டால் இன்னொரு பக்கம் ஒழுகுகிறது. யோசனை சொன்னவர்கள் பிறகு வந்து பார்த்தார்களா என்பதுதான் கேள்வி. அந்த ஒரு பேராசிரியர் பார்த்துக்கொண்டிருந்தபடியால் ஒழுகல் தெரிந்தது. இந்த இடத்தில் எனக்கு என் குட்டை ஞாபகம் வந்தது. நானும் மயில்துத்தம் போடச் சொன்னபின் ஒரு நாள்தான் போய்ப் பார்த்தேன்.

2014 ஆகஸ்டு 2-ஆம் தேதி விடியற்காலையில் டொலீடோ நகரத்தில் ஜனங்களுக்கு அறிவிப்பு வந்தது: குழாய்த் தண்ணீரைக் குடிக்காதீர்கள், காய்ச்சியும் குடிக்காதீர்கள். ஈரீ ஏரியிலிருந்து வரும் தண்ணீரில் பாசி விஷம். கிருமியானால் காய்ச்சினால் சாகும். இது விஷம், காய்ச்சினால் போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட விஷம் கெட்டிதான் ஆகும். மூன்று நாள், சுமார் ஐந்து லட்சம் பேர். உலகத்துப் பணக்கார நாட்டில், கடல் மாதிரி நன்னீர் ஏரிக் கரையில் உட்கார்ந்துகொண்டு, பாட்டில் தண்ணீருக்கு வரிசையில் நின்றார்கள்.

அதற்குப் பிறகு 2015-இல் ஓஹையோவில் சட்டம் வந்தது. ஏரியின் மேற்குப் பகுதிக்கு நீர் வடியும் வயல்களில், பனி உறைந்த நிலத்திலும், நீர் குடித்து நிறைந்த நிலத்திலும், பலத்த மழை வரும் என்று வானிலை சொல்லும்போதும் உரத்தை மேலாக வீசக்கூடாது. எந்த உரம், எவ்வளவு, எப்போது, எங்கே என்ற நாலையும் சரியாகச் செய்யும்படி உரக் கடைக்காரர்களுக்குப் பயிற்சியும் நற்சான்றும் கொடுத்தார்கள். ஏரியில் வாடகைக்குப் படகு ஓட்டுகிறவர்கள் போகிற வழியில் தண்ணீர் மொண்டு ஆராய்ச்சிக்காரர்களிடம் கொடுத்தார்கள். 2025-க்குள் பாஸ்பரஸை 40 சதம் குறைப்பது என்று குறியும் வைத்தார்கள். அந்தக் குறியை எட்டவில்லை. பல வருஷம் மண்ணில் சேர்ந்தது ஒரே வருஷத்தில் கழன்றுவிடாது. இதை உங்களிடம் மறைக்க நான் விரும்பவில்லை. ஏரி ஒரு தடவை கொழுத்துவிட்டால் இளைப்பது கஷ்டம்.

அப்படியானால் கொழுப்பதற்கு முன்பே தெரிய வேண்டும். அதற்கு லாபரட்டரி வேண்டுமா? வேண்டாம். ஒரு தட்டுப் போதும். 1865-இல் இத்தாலியில் செக்கி என்ற பாதிரியார், வானநூல் படித்தவர், மத்தியதரைக் கடலில் வெள்ளைத் தட்டைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்த்தார். எந்த ஆழத்தில் தட்டு கண்ணுக்கு மறைகிறதோ அதுதான் தண்ணீரின் தெளிவு. அவ்வளவுதான் வித்தை. 1973-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஏரிக்கரை ஜனங்கள் கையில் இதே தட்டைக் கொடுத்தார்கள். அங்கே ஆயிரக்கணக்கில் ஏரிகள், அத்தனைக்கும் ஆபீசர் போடுவது எப்படி? கரையில் குடியிருக்கிறவர் தட்டை இறக்கி, தேதி போட்டு எழுதி அனுப்பினார். பத்து வருஷக் கணக்குச் சேர்ந்தால் எந்த ஏரி கெடுகிறது, எது தேறுகிறது என்று வழியில் போகிறவனும் சொல்லலாம்.

ஆஸ்திரேலியாக்காரர்கள் இன்னொன்று கற்றுக்கொண்டார்கள். 1991-இல் அவர்களுடைய டார்லிங் ஆறு சுமார் ஆயிரம் கிலோமீட்டர் நீளத்துக்குப் பச்சையாகிவிட்டது. ஊர்களுக்குக் குடிதண்ணீர் கொடுக்க ராணுவம் வந்தது. வறட்சியில் ஓட்டம் நின்றுபோன ஆறு அது. ஓடாத சூடான தண்ணீரும் உரச்சத்தும் சேர்ந்தால் பாசிக்குக் கல்யாணச் சாப்பாடு. அதன் பிறகு அங்கே பாசி நிலவரத்தைப் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று மூன்று நிலையாக ஜனங்களுக்கு அறிவிக்கும் ஏற்பாடு வந்தது. பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளும் விவசாயிகளும் ஆற்றுத் தண்ணீரைச் சோதிக்கும் திட்டம் ஒன்றும் 1993-இல் நாடு முழுக்கத் தொடங்கியது.

இதையெல்லாம் கேட்டு நாம் வாய் பிளக்க வேண்டியதில்லை. ஏரிக்கு ஆள் போட்டுப் பார்க்கிற வேலை நமக்குப் பழசு. உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. 921-ஆம் வருஷத்தது. குடவோலை எடுத்து வாரியத்துக்கு ஆள் தேர்ந்தெடுப்பது எப்படி என்று அதில் வெட்டியிருக்கிறது. ஏரி வாரியத்துக்கு ஆறு பேர், ஒரு வருஷத்துக்கு. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் திரும்ப நிற்க முடியாது, அவன் உறவுக்காரனும் நிற்க முடியாது. கல்வெட்டில் பாசியைப் பற்றிப் பேச்சே இல்லை. அது ஆள் எடுக்கிற விதத்தைச் சொல்லுகிறது. ஆனால் ஏரியைப் பார்த்துக்கொள்வது பெயர் சொல்லிக் கேட்கக்கூடிய ஆறு பேரின் வேலையாக இருந்தது.

நீர்க்கட்டி, நீராணி, மடைக்குடும்பன் என்று ஊருக்கு ஊர் பெயர் மாறினாலும் மடையையும் தண்ணீரையும் தினம் பார்க்கிற ஒருவர் ஏரிக்கு உண்டு. ராமநாதபுரம் சீமையில் குடிக்கிற ஊருணி தனி, மாடு குளிப்பாட்டுகிற குளம் தனி. ஊருணிக்குள் மாடு இறங்கக்கூடாது, துணி துவைக்கக்கூடாது, கால் கழுவக்கூடாது. மணிச்சத்து என்ற பெயர் அந்தப் பாட்டிமார்களுக்குத் தெரியாது. அது உள்ளே போகாமல் பார்த்துக்கொள்ளத் தெரிந்திருந்தது. கோடையில் ஏரி வண்டலை வெட்டி வண்டியில் ஏற்றி வயலில் கொட்டினோமே, அதன் அருமை இப்போதுதான் எனக்கு விளங்குகிறது. ஏரியில் சேரும் மணிச்சத்து வண்டலில்தான் ஒட்டிக்கொண்டு கிடக்கும். சூட்டில் அதிலிருந்து திரும்பத் தண்ணீருக்கு வந்து பாசியை வளர்க்கும். வண்டலை எடுத்தால் ஏரிக்குப் பத்தியம், வயலுக்கு உரம். குடிமராமத்து என்ற பெயரில் 2017-இல் அரசு தூர் எடுக்கும் வேலையைத் திரும்பத் தொடங்கியது. உங்கள் ஏரியில் வண்டல் எடுக்க என்ன விதி என்று கிராம நிர்வாக அலுவலரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். கேட்காமல் எடுத்துவிட்டு என் பெயரைச் சொல்லாதீர்கள்!

வயலில் செய்ய வேண்டியது அதிகம் இல்லை. டி.ஏ.பி.யோ சூப்பரோ, கடைசி உழவில் அடியுரமாகப் போட்டுச் சேற்றோடு கலந்துவிடுங்கள். போட்ட நாலைந்து நாளைக்கு வடிமடையைத் திறக்காதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் வானொலியில் காற்றழுத்தம் என்று கேட்டால் மூட்டையைப் பிரிக்காதீர்கள், இரண்டு நாள் பொறுத்தால் குடி முழுகிவிடாது. மண் பரிசோதனையில் மணிச்சத்து அதிகம் என்று வந்தால், பக்கத்து வயல்காரர் போடுகிறார் என்பதற்காக நீங்களும் போடவேண்டாம். எருக்குழி வரத்துக்கால் ஓரத்தில் இருந்தால் அதை மேட்டுக்கு மாற்றுங்கள். வாய்க்கால் கரையில் இருக்கிற புல்லை வெட்டிச் சுத்தமாக வழித்து வைப்பதில் ஒரு பெருமையும் இல்லை. அந்தப் புல்தான் ஓடி வருகிற மண்ணைப் பிடிக்கிறது.

ஏரியில் பச்சை தெரிந்தால் ஒரு நீளக் குச்சியை விட்டு எடுங்கள். குச்சியில் தலைமயிர் மாதிரி நூல்நூலாகத் தொங்கினால் அது பெரும்பாலும் சாதாரணப் பாசி. பெயிண்டில் தோய்த்தது மாதிரி பூசிக்கொண்டு வந்தால் சந்தேகப்படுங்கள். கையை வெறுமே விடாமல் பிளாஸ்டிக் பை மாட்டிக்கொண்டு, கண்ணாடிப் பாட்டிலில் முக்கால் அளவு எடுத்து, நிழலில் ஓர் இரவு அசைக்காமல் வையுங்கள். காலையில் பச்சை அடியில் படிந்திருந்தால் பயம் குறைவு. மேலே மிதந்து வளையம் கட்டியிருந்தால் அன்றைக்கே மாட்டுக்கு வேறு தண்ணீர் பாருங்கள், பஞ்சாயத்துக்குச் சொல்லுங்கள். குடித்த மாடு தள்ளாடினால் தாமதிக்காமல் கால்நடை டாக்டரைக் கூப்பிடுங்கள், குட்டைத் தண்ணீர் குடித்தது என்பதை மறக்காமல் அவரிடம் சொல்லுங்கள்.

அந்த அம்மாவின் ஊருக்கு அடுத்த வாரம் நானே போனேன். அவர்கள் கொண்டுவந்த பாட்டில் என் மேஜையில் ஓர் இரவு நின்றதில் பச்சை மேலேதான் மிதந்தது. வரத்துக்கால் ஓரமாக நடந்து பார்த்தோம். இரண்டு எருக்குழி, தெருச் சாக்கடை ஒன்று, எல்லாம் ஏரியைப் பார்த்தே இறங்கியிருந்தன. எருக்குழி ஒன்று அந்த அம்மாவுடையதே. "என் மாட்டுச் சாணியே என் மாட்டுக்கு எமனா சார்?" என்று சிரித்துவிட்டு, மறுநாளே ஆள் வைத்து மாற்றிவிட்டார்கள். சாக்கடைக்கு இன்னும் வழி பிறக்கவில்லை. பஞ்சாயத்தில் பேச்சு நடக்கிறது.

பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒரு பழைய எவர்சில்வர் மூடிக்கு வெள்ளை அடித்து, நடுவில் ஓட்டை போட்டு, அடியில் கல் கட்டி, கயிற்றில் சாணுக்கு ஒரு முடிச்சுப் போட்டுக் கொடுத்திருக்கிறார். சனிக்கிழமை நடுப்பகலில் மதகுப் படியில் நின்று, வாத்தியார் பக்கத்தில் இருக்க, இரண்டு பிள்ளைகள் இறக்குகிறார்கள். மழை பெய்து கலங்கியிருந்தால் அதையும் குறிக்கிறார்கள். சித்திரையில் எழுதியது அரைச் சாண். போன சனிக்கிழமை எழுதியது இரண்டு சாணும் நாலு விரலும்.